தளரா முதுமை

நெடுங்காலம் வாழவேண்டும் என்னும் விருப்பம் மாந்தர் அனைவர்க்கும் உண்டு. முதுமையடைய வேண்டும் என்னும் விருப்பமோ ஒருவர்க்கும் இல்லை. இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதன என்பதை நன்கறிந்திருந்தும், முன்னையதை வாழ்த்தாகவும் பின்னையதை வசையாகவும் கொள்ளுதல் உலகியல்பாயிற்று. நூறாண்டு வாழ்கவென்று வாழ்த்தும் நாவே, எழுபதைக் கடந்தவரைக் 'கிழம்' என்று இகழவும் கூசுவதில்லை.

இக்காலத்தில் இஃது ஆராயத்தக்க பொருளாகும். நம் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, இந்தியாவிற் பிறக்கும் குழவியின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டாக இருந்தது. இன்றோ அது 70 ஆண்டளவுக்கு உயர்ந்துள்ளது. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி, தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பதின்மருக்குச் சற்று மிகுதியானோர் அறுபது வயதினை எய்தியவராவர். அம்மையும் வாந்திபேதியும் பஞ்சமும் கவர்ந்து சென்ற ஆண்டுகளை மருத்துவமும் உணவும் நமக்கு மீட்டுத் தந்தன. ஆயினும், ஆயுளுக்கு ஆண்டுகள் கூடியவாறே அவ்வாண்டுகளைத் தாங்கிநிற்கும் கால்களுக்கும் வலிமை கூடிற்றோ என்று வினவின், விடை மகிழத்தக்கதாக இல்லை. எண்பது வயதுவரை உயிர்வாழ்ந்தும், இறுதிப் பத்தாண்டினைக் கட்டிலிலும் நாற்காலியிலும் கழிப்போர் நம்மிடையே பலராவர். இந்நிலை விதியால் வருவதோ, பழக்கத்தால் வருவதோ என்பதையும், அதன்கண் இளைஞராகிய நமக்குரிய பங்கு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதுமையைப் பாடிய புலவர் நம் மொழியிற் பலருளர். அவருள் இருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஒருவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் இட்ட ஊன்றுகோலைக் கையிற் பிடித்து, இருமலுக்கிடையே சிலசொற்களே பேசவல்லராகிய இம்முதியவர், நீர்த்துறையில் ஓங்கிய மரத்தின் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்கக் குதித்து, ஆழத்து மணலை அள்ளிக் காட்டிய தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். அவர் இழந்ததாகக் கூறுவது செல்வமும் அன்று, அழகும் அன்று. உடல் தாம் ஏவியதைச் செய்த அவ்வாற்றலேயாம். மற்றவர் பிசிராந்தையார். ஆண்டு பலவாகியும் நரையில்லாமை எவ்வாறு என்று வினவியோர்க்கு, மனைவியும் மக்களும் ஏவலரும் அரசனும் நல்லராக அமைந்தமையும், தம்மூரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்வதுமே காரணம் என விடையிறுத்தார். இவ்விரு பாட்டும் புறநானூற்றில் உள்ளன. முதுமையை ஒருவர் உடலின்பாற் கண்டார். மற்றவர் தம்மைச் சூழ்ந்தார்பாற் கண்டார். இருவர் கண்டதும் உண்மையே.

விவிலியத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. பிரசங்கியின் நூல் 12ஆம் அதிகாரம், முதுமையுற்ற உடலை ஒரு பழைய வீடாக உருவகித்து, காவலர் நடுங்குவதாகவும், வலியோர் கூனுவதாகவும், பலகணிகள் இருளடைவதாகவும் கூறிச்செல்கின்றது. கைகளும் கால்களும் கண்களும் அவ்வாறு குறிக்கப்பட்டன என்று உரைகாரர் விளக்குவர். அதனோடு அமையாது, முதியோர்க்கு உயர்ந்த இடத்தைக் கண்டு அச்சமும் வழியிலே அச்சமும் தோன்றும் என்றும் அந்நூல் சுட்டுகின்றது. வீழ்வோமோ என்னும் அவ்வச்சத்தை இக்கால மருத்துவர் ஒரு தனி நோய்க்கூறாகவே எண்ணி ஆராய்கின்றனர். யோசுவாவின் நூலிலோ, எண்பத்தைந்து வயதுடைய காலேப் என்பான், நாற்பது வயதில் இருந்த வலிமை இன்றும் குன்றவில்லை எனக்கூறி, சமவெளியை விடுத்து மலைநாட்டைத் தன் பங்காகக் கேட்டுப் பெறுகின்றான். ஆகவே தளர்ச்சியும் உண்டு, தளராமையும் உண்டு. இவ்வேற்றுமை எங்ஙனம் விளைகின்றது?

இதனை அறிய, நிற்றல் என்பது யாது என்று முதலில் அறிதல் வேண்டும். நிற்றலை ஒரு செயலாக நாம் எண்ணுவதேயில்லை. சும்மா இருத்தலின் ஒருவகை என்றே கருதுகின்றோம். அஃது எத்துணை அரிய செயல் என்பதைச் சிதம்பரத்திற்குச் செல்வோர் கண்ணாரக் காணலாம். சமயத்தால் வேறுபட்டோரும் வியக்குமாறு அமைந்தது அங்குள்ள சிற்பக்கலை. ஒரு காலைத் தூக்கி, மறுகாலை ஊன்றி, கைகளை வீசி ஆடும் கூத்தப்பிரானின் வடிவம் வீழுமாறு தோன்றாதது ஏன்? எடுத்த காலும் வீசிய கையும் ஒரு பக்கத்தே இழுப்பினும், தலையும் மார்பும் மறுபக்கத்தே அதனை ஈடுசெய்ய, உடலின் முழுப்பாரமும் ஊன்றிய பாதத்தின்மேல் வந்து விழுமாறு சிற்பி அமைத்துள்ளான். மேலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிடின் அது பாதத்தின் எல்லைக்குள் வந்து நிற்கும். அந்நூல் பாதத்தின் எல்லையைக் கடக்கும் கணமே வீழ்ச்சியாம். அக்கோயிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ள 108 கரணங்களும் இவ்வொரு விதியின் நூற்றெட்டு விளக்கங்கள் எனலாம்.

கல்லிலும் செம்பிலும் சிற்பி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். உயிருடைய உடலோ ஒவ்வொரு கணமும் தன்னைத் தானே அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு மூன்று சாட்சிகள் மூளைக்குச் செய்தி உரைக்கின்றன. முதலாவது, கண், நிலைக்கதவும் தூணும் தொடுவானமும் நேராக நிற்பதைக் கண்டு, நாம் சாய்கின்றோமா என்பதை அது கூறும். இரண்டாவது, உட்செவி, அங்கே நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதையும், நுண்ணிய கற்கள் பதிந்த இரு சிறுபைகள் தலை சாய்வதையும் முன்பின் அசைவதையும் உணர்த்தும். மூன்றாவது, பாதமும் மூட்டுகளும்; தரை மேடோ பள்ளமோ, ஈரமோ மணலோ, கணுக்கால் எப்பக்கம் மடங்கியது என்பதை அவை உரைக்கும். இம்மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தையும் ஒப்புநோக்கி, மூளை நொடிப்பொழுதிற் தீர்ப்பளிக்க, அத்தீர்ப்பை நிறைவேற்றும் ஏவலராய்க் கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகள் தொழிற்படுகின்றன. கண்களை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்ப்போர், ஒரு சாட்சி வாய்மூடிய அளவிலே தீர்ப்பு எவ்வளவு தடுமாறுகின்றது என்பதைத் தாமே அறிவர்.

முதுமையில் இவை யாவும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. கண்ணிற் புரை படர்கின்றது. உட்செவியின் உணர்மயிர்கள் குறைகின்றன. நீரிழிவு நெடுநாள் இருப்பின் பாதம் மரத்துப்போகின்றது. நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. தசையோ முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்குவரை குறைந்து, அறுபதுக்குப் பின்னர் இன்னும் விரைந்து தேய்கின்றது என்பர். இது கண்டு மனந்தளர வேண்டுவதில்லை. ஏனெனில், இத்தேய்வில் ஒரு பகுதியே வயதின் செயல். எஞ்சிய பகுதி பயன்படுத்தாமையின் செயல். இவ்விரண்டையும் பிரித்தறியாது எல்லாவற்றையும் வயதின்மேல் ஏற்றிக் கூறுவதே நாம் செய்யும் பெரும்பிழையாம்.

பயன்படுத்தாமை எவ்வளவு விரைவிற் கெடுக்கும் என்பதற்கு ஒரு சான்று தருவேன். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சராசரி 67 வயதுடைய, நோயற்ற முதியோர் சிலரைப் பத்துநாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவு தசை குறைந்திருந்தது. நோயில்லாதார்க்கே இந்நிலையாயின், காய்ச்சலுற்றுக் கிடந்தார்க்கும் வயதைக் காரணங்காட்டி அமர்த்தப்பட்டார்க்கும் நேர்வதைக் கூறவும் வேண்டுமோ?

இங்குதான் நம் இல்லங்களின்மேல் நாம் கண்வைத்தல் வேண்டும். நம் முன்னோர் வாழ்ந்த வீடு, அவர் அறியாமலே ஓர் உடற்பயிற்சிக் கூடமாக அமைந்திருந்தது. உண்ணத் தரையில் அமர்ந்தனர், உண்டபின் எழுந்தனர். குனிந்து வாசல் தெளித்தனர், குந்தியிருந்து கோலமிட்டனர். கிணற்றில் நீர் இறைத்தனர். இடுப்பிற் குடம் தாங்கி நடந்தனர். அம்மியில் அரைத்தனர், திண்ணையில் ஏறியிறங்கினர். சிதம்பரத்தையடுத்த வீராணம் பாசன நிலங்களில், ஒரு பாதம் மட்டுமே கொள்ளும் வரப்பின்மேல், ஓரடிக்கு நேர்முன்னே மற்றோரடி வைத்து உழவர் நடந்தனர். அவ்வாறு நடத்தலையே இன்று மருத்துவர் நிலைத்திறனைச் சோதிக்கும் முறையாகவும், அதனை வளர்க்கும் பயிற்சியாகவும் கையாளுகின்றனர். கடலூர் முதுநகரில் தலைமேற் கூடை சுமந்து மீன் விற்கச் செல்லும் பெண்மணிகளின் நிமிர்ந்த நடையும் இவ்வகைப் பயிற்சியின் பயனே.

இவ்வாறு கூறுதலால் பழமையனைத்தும் நன்று என்பது என் கருத்தன்று. வறுமையால் எழுபதிலும் சுமை தூக்க நேர்ந்தவரின் முழங்கால் தேய்வதையும் முதுகு வளைவதையும் காண்கின்றோம். ஓயா உழைப்பு வேறு. அளவறிந்த அசைவு வேறு. அம்மிக்கு ஈடாக மின்னரைவை வந்ததும், கிணற்றுக்கு ஈடாகக் குழாய் வந்ததும் நன்மையே. ஆயினும் அவை போனபோது அவற்றோடு சென்ற அசைவுக்கு ஈடாக நாம் எதனையும் வைத்தோமில்லை. அதன்மேலும் ஒன்று செய்தோம். பெரியோர்பாற் கொண்ட அன்பினால், "நீங்கள் உட்காருங்கள் அப்பா, நான் எடுத்து வருகின்றேன்" என்றும், "நீங்கள் ஏன் ஆத்தா குனிகின்றீர்கள்?" என்றும் தடுத்து, அவர் கையிலிருந்த சிறுபணிகளையும் பறித்துக்கொண்டோம். நீர்க்குவளை ஒன்றை எடுக்க எழுந்தாலும் குற்றம்போல் ஓடித் தடுக்கின்றோம். இதனை மரியாதை என்று நாம் எண்ணுகின்றோம். அவர்தம் கால்களோ இதனைப் படுக்கையென்றே எண்ணிக் கொள்ளுகின்றன.

தரையில் அமர்ந்தெழுதல் சிறிய ஆற்றல் அன்று. பிரேசில் நாட்டு மருத்துவர் ஆராஃஹோ என்பாரும் அவர் குழுவினரும், 51 முதல் 80 வயதுவரையுள்ள 2002 பேரைத் தரையில் அமர்ந்து எழச்செய்து, கையும் முழங்காலும் எத்துணைமுறை ஊன்றப்பட்டன என்று எண்ணி மதிப்பெண் இட்டனர். ஊன்றாது எழுந்தோரைக் காட்டினும், பலமுறை ஊன்றியெழுந்தோருள் பின்வந்த ஆண்டுகளில் இறந்தோர் தொகை மிகுந்திருந்தது என 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2022ஆம் ஆண்டில் அக்குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், 51 முதல் 75 வயதுடைய 1702 பேருள், ஒற்றைக்காலிற் பத்து நொடி நிற்க இயலாதார் ஐவருள் ஒருவராவர் எனக் கண்டனர். அவருள்ளும் இறந்தோர் விகிதம் மிகுந்தேயிருந்தது. ஒற்றைக்காலில் நிற்றலே ஆயுளை நீட்டும் என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. உள்ளிருக்கும் நலத்தை வெளியே காட்டும் கண்ணாடியே அது. எனினும், முகம் காட்டும் கண்ணாடியைக் கண்டு முகத்தைத் திருத்திக்கொள்ளுதல் போல, இச்சோதனை கொண்டு வாழ்க்கையைத் திருத்திக்கொள்ளுதல் இயலும்.

காலங்கடந்தபின் திருத்தம் கூடுமோ என்னும் ஐயம் எழலாம். இதற்கு விடையாக அமைந்தது, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நிகழ்ந்து 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனை. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தளர்ந்த, தொண்ணூறு வயதளவினர் பதின்மர் அதற்கு உடன்பட்டனர். எட்டு வாரம் அவர்தம் தொடைத்தசைகளுக்கு எடைகொண்டு பயிற்சியளித்தனர். அதனை முடித்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடிற்று. அடிமேலடி வைத்து நடக்கும் வேகம் நூற்றுக்கு 48 பங்கு மிகுந்தது. தொண்ணூறிலும் தசை கேட்டால் கொடுக்கும் என்பது இதனாற் போதரும். இன்னும் விரிவான சான்று 2019ஆம் ஆண்டில் வந்தது. 25 நாடுகளில் 23,000 பேருக்கு மேற்பட்ட முதியோரிடம் நிகழ்த்தப்பட்ட 108 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர், உடற்பயிற்சி செய்தோரிடையே வீழ்ச்சிகள் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தன என்று முடிவுகண்டனர். வெறும் நடைப்பயிற்சியினும், நிலைத்திறனையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சியே வீழ்ச்சியைத் தடுப்பதில் உறுதியான பயன் தந்தது என்பதும் அவர் கண்ட உண்மை. கரணங்களும் நூற்றெட்டு, ஆராய்ச்சிகளும் நூற்றெட்டாக அமைந்தமை இனியதோர் ஒற்றுமையே.

வீழ்ச்சியைத் தடுத்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது? உலகில் ஆண்டுதோறும் வீழ்ச்சியால் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவருள் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தவர். எலும்பு மெலிந்த முதியோர் பக்கவாட்டில் விழின், தொடையெலும்பின் கழுத்து முறிகின்றது. முறிவினும் கொடியது, அதனைத் தொடரும் படுக்கை. எலும்பு முறியாவிடினும் அச்சம் முறியாது நிற்கும். ஒருமுறை வீழ்ந்தவர் மறுமுறை வீழ அஞ்சி நடையைக் குறைக்கின்றார். நடை குறையத் தசை மெலிகின்றது. தசை மெலிய மீண்டும் வீழ்கின்றார். இச்சுழலை அறுக்கும் வாள் பயிற்சி ஒன்றே.

அப்பயிற்சி எத்தகையது? பெரும்பொருளோ தனிக்கூடமோ அதற்கு வேண்டுவதில்லை. சுவரோ சமையல்மேடையோ அருகிருக்க, பின்னே ஒரு நாற்காலி கிடந்தால் போதும். கையூன்றாது நாற்காலியிலிருந்து எழுந்து மீண்டும் மெல்ல அமர்தல், சுவரைத் தொட்டவாறு குதிகால்களை உயர்த்தி இறக்குதல், ஒரு விரலால் மட்டும் பிடித்து ஒற்றைக்காலிற் பத்து எண்ணும்வரை நிற்றல், ஓரடியின் குதிகாலை மற்றோரடியின் விரல் தொடும்படி நேர்கோட்டில் நடத்தல், பக்கவாட்டில் நடத்தல், மாடிப்படி ஏறியிறங்கல், இயன்றவர் தரையில் அமர்ந்து எழுதல் என்பன போதும். முதல்நாள் மூன்றுமுறை செய்தவர் வாரம் ஒன்று கூட்டினால் ஒரு பருவத்துள் பத்தினை எய்துவர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே சொல்லளவிலும் பொருளளவிலும் மெய்யாகின்றது. 65 வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைக்கு வலியூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் நிலைத்திறன் பயிற்சியும் கொள்ளுக என 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. கடலூரில் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் காலையும் மாலையும் நடப்போர், கடினமான ஈரமணலில் தொடங்கிப் பின்னர் மெதுமணலில் சிறிது தொலைவு நடப்பரேல், கணுக்கால் இரட்டிப்பயன் பெறும். மார்புவலியோ தலைச்சுற்றலோ உடையவரும், அண்மையில் அறுவைமருத்துவம் செய்துகொண்டவரும், மூட்டு மிகத் தேய்ந்தவரும் மருத்துவரை வினவிய பின்னரே தொடங்குதல் வேண்டும்.

பயிற்சிக்குத் துணையாவன சிலவுள. தசை உணவாலன்றி வளராது. பல் குறைந்தமையாலும் பசி குறைந்தமையாலும் முதியோர் கஞ்சியும் இட்டிலியும் காப்பியுமே உண்டு அமைவதைக் காண்கின்றோம். உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமேனும் புரதம் அவர்க்கு வேண்டும். அறுபது கிலோ எடையுடையார்க்கு அறுபது கிராம். முட்டை, மீன், பருப்பு, பயறு, சுண்டல், தயிர் என்பன அதனைத் தரும். கேழ்வரகும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் எலும்புக்கு வேண்டும் சுண்ணச்சத்தை அளிக்கும். வெயில் அதனை உடலிற் சேர்க்க உதவும். சிறுநீரக நோயுடையார் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். அடுத்து, மருந்து. உறக்கமாத்திரையும், இரத்த அழுத்தத்துக்குரிய மாத்திரைகள் சிலவும் எழுந்தவுடன் தலைசுற்றச் செய்யும். உண்ணும் மருந்தனைத்தையும் ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவரிடம் காட்டி ஆராய்தல் நன்று. இரவில் எழுவோர் கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் அமர்ந்தபின் எழுதல் வேண்டும். அடுத்து, கண். புரையை நீக்கிக்கொள்ளுதலைக் காலந்தாழ்த்தலாகாது. இறுதியாக, வீடு. குளியலறையின் வழுக்கும் தரையும், இருண்ட நடையும், காலில் இடறும் மிதியடியும், உயர்ந்த நிலைப்படியும், தேய்ந்த செருப்புமே முதியோரை வீழ்த்தும் பகைவர். ஒரு கைப்பிடிக் கம்பியும் ஓர் இரவுவிளக்கும் செய்யும் நன்மையைப் பெருஞ்செலவு மருத்துவமும் பின்னர்ச் செய்யமாட்டாது.

அரசும் இதனை உணர்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், வெளியே செல்ல இயலாதாரின் இல்லத்துக்கே இயன்முறை மருத்துவப் பணியாளர் வந்து பயிற்சியளிக்க வகைசெய்யப்பட்டது. சென்னைக் கிண்டியில் முதியோர்க்கெனவே ஒரு தேசிய மருத்துவ நிலையம் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும் நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சியை எந்த மருத்துவமனையும் நமக்காகச் செய்யமாட்டாது.

கடலூர்க் கரையில் வாழ்வோர்க்கு இப்பொருள் மற்றோராற்றானும் உயிர்ப்பொருளாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோர ஊர்களிற் பலநூறு உயிர்களைக் கவர்ந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்து, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புயல்கள் இன்னும் வரும். நள்ளிரவில் வெளியேறுக என்னும் அறிவிப்பு வந்தபோது, தரைப்பாயிலிருந்து தானே எழுந்து, இருளில் ஈரத்தெருவில் இருநூறு அடி நடந்து, பாதுகாப்புக் கூடத்தின் படியேற ஒரு பாட்டியால் இயலுமா என்பதே அவ்வேளையில் வாழ்வையும் சாவையும் பிரிக்கும் வினாவாகலாம். அவ்விரவுக்குரிய வலிமையை அவ்விரவிலே பெறுதல் இயலாது. முன்பே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேமித்தல் வேண்டும்.

உடலின் நிலையை இதுவரை கூறினேன். உள்ளத்தின் நிலையும் உடன் வேண்டும் என்பது பிசிராந்தையார் காட்டிய நெறி. எழவேண்டும் என்னும் காரணம் ஒன்று இல்லாதார்க்கு எழும் வலிமை இருந்தும் பயனில்லை. இதற்குச் சிதம்பரமே ஒரு சிறந்த சான்றைத் தருகின்றது. புறநானூற்றை 1894ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேற்றித் தந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் பிறந்தது 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், 1924ஆம் ஆண்டில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், சிதம்பரத்து ஸ்ரீ மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமைப் பதவியை ஏற்று மூன்றாண்டு நடத்தினார். ஓய்வுநாற்காலியை நாடும் வயதில் புதியதொரு நாற்காலியை ஏற்றார். அதுவும் உழைப்புக்குரிய நாற்காலி. 1937ஆம் ஆண்டில், எண்பத்திரண்டு வயதில், குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். அதன்பின்னர் 1940ஆம் ஆண்டு முதல் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தபோது, அது முடிவுபெறாமலே நின்றது. முடியாத பணியொன்று இருந்தமையே அம்முதுமையின் பெருமை.

கிறிஸ்தவத் தொண்டராக நம் நாட்டுக்கு 1839ஆம் ஆண்டில் வந்து தமிழுக்கு அடிமையான ஜி. யு. போப்பையரும் இத்தகையவரே. திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை அறுபத்தாறாம் வயதிலும், நாலடியாரை எழுபத்துமூன்றாம் வயதிலும் வெளியிட்டவர், தில்லையோடு நெருங்கிய தொடர்புடைய மாணிக்கவாசகரின் திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் இட்ட நாள் ஏப்ரல் 24. அஃது அவர்தம் எண்பதாம் பிறந்தநாள். ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெட் என்னும் பெரியார், பெரும்பணியொன்றைக் கையிற் கொண்டிருத்தலே நெடிது வாழும் வழி என்று கூறித் தம்மை ஊக்கியதை அம்முன்னுரையிலேயே அவர் நன்றியுடன் குறித்துள்ளார். தாம் தொடங்கியதை முடித்து, அதன்பின்னும் எட்டாண்டளவு வாழ்ந்து 1908ஆம் ஆண்டில் மறைந்தார்.

எல்லா முதியோரும் ஐயரவர்களும் போப்பையரும் ஆதல் இயலாது, ஆகவும் வேண்டுவதில்லை. கீரை ஆய்தல், பேரக்குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுதல், செடிக்கு நீரூற்றுதல், ஆலயத்தில் மணியடித்தல், பாடம் சொல்லிக்கொடுத்தல் என்பனவும் பணிகளே. ஒருவரை எதிர்பார்த்து ஒரு வேலை காத்திருக்குமாயின், அவர் எழுவார், எழுவாராயின், நடப்பார், நடப்பாராயின், நிற்பார்.

கல்லூரித் தோழர்களே! தந்தையையும் தாயையும் கனம்பண்ணுதல் நமக்கு விதிக்கப்பட்ட கட்டளை. கனம்பண்ணுதல் என்பது அவரை ஓர் ஆசனத்தில் அமர்த்திச் சுற்றிநின்று பணிசெய்தல் மட்டுமன்று. விடுமுறையில் வீடு திரும்பும்போது, தாத்தாவின் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு அழைத்துச் செல்லுதலினும், தெருமுனைவரை உடன் நடத்தல் சிறந்த மரியாதை. பாட்டி எழ முயலும்போது தூக்கிவிட விரைதலினும், அருகே நின்று, வேண்டுமாயின் மட்டும் கைகொடுத்தல் மெய்யன்பு. அவர் எழுவதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தைப் பொறுத்து நிற்றலே நம் பங்கு. நமக்கும் இதிற் பாடமுண்டு. எலும்பின் உறுதி முப்பது வயதளவில் உச்சத்தை எய்தி, அதன்பின் அச்சேமிப்பிலிருந்தே செலவாகின்றது என்பர். இன்று விளையாட்டுத் திடலை விடுத்து நாள்முழுதும் கைப்பேசியை நோக்கி வளைந்திருப்போன், தன் எழுபதாம் வயதின் முதலை இருபதிலேயே செலவழிப்போனாவான்.

நம் பெரியோர் நின்ற நிலத்திலேதான் நாமும் ஒருநாள் நிற்கப்போகின்றோம். அவர்தம் கால்களை நாம் பேணும் முறையே, நாளை நம் பிள்ளைகள் நம்மைப் பேணும் முறையாகும். ஆதலின், இயன்றவரை அவர் தம் காலிலே தாம் நிற்கத் துணைநிற்போமாக.